குதிகால் தட்டு

மேல்வீட்டில் யாரோ குதிகாலால் தரையை இருமுறை தட்டினார்கள். அடுப்படியில் நின்ற என் கை, கரண்டியோடு தானாகத் தலைக்கு மேலே போனது.

கீழ்வேளூரில் அப்பாவும் யூசுப் மாமாவும் நாடகத்தில் கத்திச்சண்டை போடுகிறவர்கள். எங்கள் கொல்லையில், வெள்ளி பெயிண்ட் அடித்த மரக்கத்திகளோடு பழகுவார்கள். வீசுகிறவர் முதலில் குதிகாலை இரண்டு தட்டுத் தட்டவேண்டும். உடனே மற்றவர் தலைக்கு மேலே கத்தியைக் குறுக்கே பிடிப்பார். அடி விழுகிறவரை இறக்கமாட்டார். சனங்களுக்கு அந்தத் தட்டு ஆத்திரமாகத் தெரியும். உண்மையில் அது, “அண்ணே, வர்றேன், பாத்துக்கங்க” என்பதுதான். பார்த்துப் பார்த்து எனக்கும் கை பழகிவிட்டது.

பிறகு மாமா துபாய்க்குப் போனார். வேறு யாரோடும் சண்டை போட அப்பா சம்மதிக்கவில்லை. ஒருநாள் பக்கத்து மளிகைக்கடைக்கு மாமாவின் போன் வந்தது. அப்பாவோடு நானும் ஓடினேன்.

“நீ வந்தாத்தான்டா நாடகம்,” என்றார் அப்பா. பிறகு போனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டே நின்றார். சட்டென்று, போனைப் பிடிக்காத கை தலைக்கு மேலே குறுக்காக எழுந்தது. கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“தட்டுறான்டி,” என்றார் என்னிடம்.

லைன் கட்டாகிவிட்டது. அப்பா கையை இறக்கவில்லை.

அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. நானும்தான் இன்னும் இறக்கவில்லை.