வெள்ளைச் சட்டைக்காரருக்கு ஒரு தட்டு

குடியை விட்டவனுக்கு உடனே ஒரு சம்பளமில்லாத உத்தியோகம் கிடைத்துவிடும்: குடியை விட நினைப்பவர்கள் கூடுகிற கூட்டத்துக்கு பெஞ்சு இழுத்துப் போடுவது, டீ வாங்கி வருவது, கூப்பிடுகிற வீட்டுக்குப் போவது. எண்பதுகளின் கடைசியில், பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டே இதையும் பார்த்தேன். உங்களிலும் சிலர் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள். நான் சொல்வது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

இருட்டில் என் கதை

கூட்டம் நடக்கிற இடத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. போர்டு கிடையாது. அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடம், ஞாயிறு சாயங்காலம் என்று மட்டும் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். யாரிடமும் கேட்க வெட்கப்பட்டு, சில வாரம் சும்மா சுற்றிவிட்டுத் திரும்பினேன். ஒரு ஞாயிறு நல்ல மழை, கரண்ட் இல்லை. ஒரு வகுப்பறையிலிருந்து பேச்சு கேட்டது. உள்ளே போய், சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தேன். யார் முகமும் தெரியவில்லை.

ஒரு குரல் பேசிக்கொண்டிருந்தது. அரிசி டிரம்முக்குள் பாட்டிலை ஒளித்ததை, என்னப்பா வாடை என்று மகள் கேட்டதை, இருமல் மருந்து என்று பதில் சொன்னதை. அன்று காலை என் வீட்டில் நடந்தது அதுதான். வார்த்தைகூட மாறவில்லை. என் மனைவி எனக்கு முன்னால் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளோ என்று சந்தேகம் வந்தது. கரண்ட் வந்ததும் பார்த்தால், ஜென்மத்தில் நான் பார்த்திராத ஆள். லாரி டிரைவர், பெயர் டில்லிபாபு. என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. "உன் ஊட்லேர்ந்து யாரும் வந்து சொல்லல நைனா. எல்லா ஊட்லயும் அதே இருமல் மருந்துதான்."

ஆட்டோவில் இடம்

நான் குடியை விட்ட பிறகு டில்லிபாபுவும் நானும் ஜோடியாக வீடுகளுக்குப் போக ஆரம்பித்தோம். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து மரகதம் என்ற பெண் ஆள் அனுப்பியிருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். கணவர் செல்லையா குடியைத் திடீரென்று நிறுத்தியிருந்தார். நட்ட நடுப்பகல், வீட்டுக்குள் வரை வெயில். செல்லையா கை நடுங்க, எதிரே இருந்த காலி நாற்காலியோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். நான் அதில் உட்காரப் போனேன். வெள்ளைச் சட்டைக்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்று தடுத்தார். நாற்காலிக்கு முன்னால் ஒரு தட்டில் சோறு இருந்தது. குடித்துக்கொண்டிருந்தபோதே அந்த ஆள் வர ஆரம்பித்துவிட்டாராம். தட்டு வைக்காவிட்டால் கணவர் அடிப்பார் என்று மரகதம் சமையலறை வாசலில் நின்று சொன்னாள்.

டில்லிபாபு நாற்காலிக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். இது குடியைத் திடீரென்று நிறுத்தினால் வருகிற கோளாறு, வீட்டில் வைத்துப் பார்க்கிற சமாசாரம் இல்லை, உயிருக்கே ஆபத்து என்று என் காதில் சொன்னார். நயமாகப் பேசி ஆட்டோவில் ஏற்றினோம். ஏறியதும் செல்லையா ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டார். நான் அங்கே உட்காரப் போக, டில்லிபாபு என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அங்க ஒக்காராத நைனா. ஆஸ்பத்திரி போற வரைக்கும் அவரும் கூட வரட்டும்."

நாலாவது தட்டு

செல்லையா பிழைத்தார். கூட்டத்துக்கும் தவறாமல் வந்தார். வெள்ளைச் சட்டைக்காரர் அவர் நினைவிலேயே இல்லை. நான் சொன்னபோது, வேறு யாரோ ஒருவர் கதையைப் போலக் கேட்டுச் சிரித்தார்.

பொங்கல் முடிந்து ஒரு நாள் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஆண்கள் மூன்று பேர். மரகதம் நாலு தட்டு வைத்து நாலிலும் சோறு போட்டாள். இன்னும் யார் வரவேண்டும் என்று செல்லையா கேட்டார். அவள் கரண்டி அப்படியே நின்றது. ஞாபக மறதி என்று சொல்லித் தட்டை எடுத்துவிட்டாள். கை கழுவப் பின்பக்கம் போன என்னிடம்தான் உண்மையைச் சொன்னாள். கணவர் வேலைக்குப் போன பிறகு தினமும் வைக்கிறாளாம். வைக்காத நாளில் நாற்காலி நகருகிற சத்தம் கேட்கிறதாம். "அவியளுக்குப் போயிட்டாரு அண்ணாச்சி. எனக்கு இன்னும் போகல."

பக்கத்து வகுப்பறை

எங்களைப் போன்றவர்களின் வீட்டுப் பெண்களுக்குப் பக்கத்து வகுப்பறையில் தனிக் கூட்டம். டில்லிபாபுவின் மனைவி போய் மரகதத்தை அழைத்து வந்தாள். தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே மரகதம் நம்பியிருந்தாள். பல வாரம் வாயைத் திறக்கவில்லை. சொன்ன அன்று சிரிப்பார்கள் என்று பயந்தாளாம். ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பிறகு வீட்டில் தட்டு வைப்பது கொஞ்சம் கொஞ்சமாக நின்றது, தூக்கமும் வந்தது.

அப்படி என்னதான் சொன்னார்கள் என்று மரகதத்திடம் கேட்டேன். பூந்தமல்லியில் தகரப்பெட்டி செய்கிறவரின் மனைவி நூர்ஜகான், மரகதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, விருந்தாளியை விசாரிக்கிற குரலில் சொன்னாராம்: "உங்க வீட்டுக்கு வர்றவரு உக்காந்து சாப்பிடுறாரேம்மா, நல்லவரு. எங்க வீட்ல இவரு குடிய விட்டு எத்தனையோ வருசமாச்சு, வாசல்ல நிக்கிறவரு இன்னும் உள்ள வரவே மாட்டேங்கிறாரு."

குடியை விடுவது ஒருத்தன் வேலை என்று நினைத்துத்தான் அந்த உத்தியோகத்தில் சேர்ந்தேன். வீட்டில் இருப்பவர்கள் மட்டுமல்ல, இல்லாதவர்களும் சேர்ந்து அதை விட்டால்தான் வேலை முடியும் என்பதை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை.