அவளுக்கும் சேர்த்துப் பேசியவர்

மாலை வகுப்புக்குள் அவர் முதல் நாள் நுழைந்தபோது, லிஃப்ட் அந்தப் பக்கம் இருக்கிறது அங்கிள் என்று ஒரு மாணவி கையைக் காட்டினாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கம்பெனிச் சட்டையோடும் பையில் துருத்திக்கொண்டிருந்த டெஸ்டரோடும் வந்தவர் நாற்பத்தேழு வயது லிஃப்ட் மெக்கானிக். படிக்க வந்திருக்கிறேன் என்றார். என்ன படிக்க என்று கேட்டதற்கு, பின்நவீனத்துவம் என்றார். அந்தப் பாடத்தைத் தானாகத் தேடிக்கொண்டு வந்த ஒரே மாணவர் அந்தக் கல்லூரியில் அவராகத்தான் இருப்பார்.

நல்ல மனிதர்தான், கெட்ட பழக்கம் ஒன்று கிடையாது. ஆனால் நாலு பேர் கூடிய இடத்தில் பேச்சை வேறு யாருக்கும் விட்டுவைக்க மாட்டார். மனைவி தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்தாள். அங்கே நடந்த வேடிக்கை எதையாவது அவள் சொல்ல ஆரம்பித்தால், இரண்டாவது வரியில் இவர் வாங்கிக்கொள்வார். நீ இரு, உனக்குக் கோர்வையாக வராது என்பார். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே சொல்வார். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டுத் தண்ணீர் எடுத்துவர உள்ளே போய்விடுவாள்.

அவளுக்கு உடம்பு முடியாமல் போனபோதும் அதேதான் நடந்தது. டாக்டர் அவளைப் பார்த்துத்தான் எங்கே வலிக்கிறது என்று கேட்டார். பதில் இவரிடமிருந்து வந்தது. நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, வயிற்றில் வாயு, அதுதான் பிடித்துக்கொள்கிறது என்று கோளாறையும் காரணத்தையும் சேர்த்தே சொல்லி முடித்தார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அதத்தான் சொல்லிட்டேனே" என்றார். நான்கு மாதம் வாயு மாத்திரை. ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் கட்டி, முற்றிப் போயிருந்தது. அதன் பிறகு ஏழு வாரம் இருந்தாள்.

அவள் போனபின் அலமாரியில் ஒரு நோட்டு கிடைத்தது. தினமும் வேலை முடிந்ததும் மாலைக் கல்லூரியில் இலக்கியப் பட்டயப் படிப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். இவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மேடம் காலேஜ் போகிறார்கள் என்று கிண்டலடித்ததோடு சரி. நோட்டில் பின்நவீனத்துவம் என்ற தலைப்பின் கீழே, அடிக்கோடிட்டு ஒரு வாக்கியம் இருந்தது: ‘ஒருவருக்காக இன்னொருவர் பேசும்போது, பேசப்படுகிறவர் காணாமல் போகிறார்.’

மனிதருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது வகுப்பில் சொல்லச் சொல்ல எழுதியதா, இல்லை அவளே எழுதியதா? வகுப்பில் எழுதியதென்றால் பிழைத்தார். அவளே எழுதியதென்றால், எல்லாம் தெரிந்து, மனதில் வைத்துக்கொண்டே போயிருக்கிறாள். கல்லூரியில் விசாரித்தார். அவளுக்குப் பாடம் எடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். புதிதாக வந்திருந்த பேராசிரியைக்கு ஒன்றும் தெரியவில்லை. சரி, அந்தப் பாடத்தையே படித்துவிட்டால் வாக்கியம் எங்கிருந்து வந்ததென்று தெரிந்துவிடும் என்று அவரும் சேர்ந்துவிட்டார்.

அவர் தொழிலில் கோளாறுக்குக் காரணம் ஒன்றுதான். வரைபடத்தில் வயர் வயராக விரலை வைத்துக்கொண்டு போனால் எங்காவது ஓரிடத்தில் கையும் களவுமாக மாட்டும். இங்கே பேராசிரியை, எல்லாவற்றையும் விளக்கும் ஒரே பெரிய உண்மை என்று எதுவும் கிடையாது, ஒவ்வொரு பெரிய கதைக்கு அடியிலும் சொல்ல விடாமல் அமுக்கப்பட்ட சின்னக் கதைகள் இருக்கும் என்றார். இவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. லிஃப்ட் ஏன் நின்றது என்று உள்ளே மாட்டிக்கொண்ட ஐந்து பேரும் ஐந்து விதமாகச் சொன்னால் ஐந்தும் சரியா என்று எழுந்து கேட்டார். வகுப்பு சிரித்தது. பேராசிரியை சிரிக்கவில்லை. அந்த ஐந்து பேரையும் நீங்கள் கேட்டிருக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டார். இவர் யாரையும் கேட்டதில்லை. நேராக மோட்டார் ரூமுக்குப் போய்விடுவார்.

மூன்றாம் மாதம் இன்னொரு இடி. எழுதியவர் என்ன நினைத்து எழுதினார் என்று தேடக் கூடாதாம். எழுதி முடித்ததோடு அவர் பங்கு முடிந்தது, இனிப் பொருள் வாசகர் கையில் என்றார் பேராசிரியை. இந்த ஒரு கேள்விக்காகவே வந்த ஆள், பாடமே அதைக் கேட்காதே என்றால் என்ன செய்வார்? வகுப்பு முடிந்ததும் நோட்டை எடுத்து நீட்டினார். பேராசிரியை வாக்கியத்தை இரண்டு முறை படித்தார்.

"எழுதினவங்க என்ன நெனச்சாங்கங்கிறதை விடுங்க சார். வாசகரா உங்களுக்கு என்ன தோணுது?"

"நான் வாசகர் இல்ல மேடம். புருஷன்."

பேராசிரியை அதற்கு மேல் பாடம் நடத்தவில்லை. மறுநாள் அலுவலகத்தில் பழைய வருகைப் பதிவேட்டைத் தேடி எடுத்து, அவர் மனைவிக்கு அடுத்த எண்ணில் இருந்த பெண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். படிப்பு முடித்து இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டவள், நோட்டு வீட்டில் இருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்றாள்.

மறுநாள் மதியம் கடையில் கூட்டமில்லை. அவள் நோட்டைப் புரட்டிக் கண்ணாடி மேஜை மேல் வைத்தாள். அதே தலைப்பு. கீழே அதே வாக்கியம், ஓர் எழுத்து மாறவில்லை. அப்படியென்றால் வகுப்பில் சொல்லி எழுதியதுதான். பதினோரு மாதமாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது அப்படியே இறங்கியது. அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, வழக்கம்போல் பேச ஆரம்பித்தார். அவள் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ரகமே இல்லை, எனக்கு அப்போதே தெரியும், இவ்வளவு நாள் வீணாகப் பயந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பெண் இரண்டு முறை குறுக்கே வரப் பார்த்தாள்.

"இல்லண்ணா, அன்னிக்கு அக்கா வந்து..."

"அட, அவளைப் பத்தி எனக்குத் தெரியாதாம்மா?"

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. "நீ சொல்லும்மா. நான் பேசல" என்றார்.

அவள் சொன்னாள். அன்று ஆசிரியர், ஒருவருடைய கதையை இன்னொருவர் எடுத்துக்கொள்வதற்கு உங்கள் வாழ்க்கையிலிருந்து உதாரணம் சொல்லுங்கள் என்று கேட்டார். அதுவரை வகுப்பில் ஒரு வார்த்தை பேசாத அக்கா எழுந்து நின்றாள். டாக்டர் என்னைத்தான் கேட்டார், என் வீட்டுக்காரர் வயிறு என்று சொல்லிவிட்டார், எனக்கு வலித்தது வேறு இடம் என்றாள். கோர்வையாக, டாக்டர் மாதிரியும் அவரை மாதிரியும் பேசிக் காட்டினாளாம். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அதிலிருந்துதான் ஆசிரியர் அந்த வாக்கியத்தை உண்டாக்கிச் சொல்ல, முப்பது பேரும் எழுதிக்கொண்டார்கள்.

"டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்கக்கான்னு சொன்னேண்ணா. அடுத்த தடவை அவர் கூட வரலைன்னா சொல்றேன்னாங்க."

ஒரு தடவைகூட அவர் போகாமல் இருந்ததில்லை. ஒவ்வொரு முறையும் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனார். அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார்.

"எந்த இடம்னு சொன்னா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் கையிலிருந்த மாத்திரை அட்டையை வைத்துவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கையைப் பின்னால் கொண்டுபோய் இடது விலாவுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள்.

பத்தொன்பது வருடம் கூட வாழ்ந்தவர், தன் மனைவிக்கு வலித்த இடத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார்.