மூச்சு படிந்த கண்ணாடி

வாடகை மோட்டார் ஓட்டுகிறவனுக்குப் பள்ளமும் பஞ்சரும்தான் எதிரி என்று நினைப்பவர்கள், மழைநாளில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டி ஓட்டிப் பார்த்ததில்லை. வெளியே குளிர். உள்ளே ஆட்களின் மூச்சு, ஈர வேட்டி, சொட்டுகிற குடை. பாறசாலையில் புறப்பட்ட வண்டி உதியன்குளங்கரை தாண்டுவதற்குள் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளுத்துவிடும். மகாராஜா ஆட்சியில் எங்களுக்கு வாய்த்த மூடிய மோட்டாரில் இதற்கென்று ஒரு விசையும் கிடையாது. முன் கண்ணாடியை அடியில் தள்ளித் திறந்தால் தெளியும். ஆனால் மழை நேரே மடியில் வந்து உட்காரும். ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் பழந்துணியுமாகக் காலம் தள்ளிய சகோதரர்களே, இது நமக்காக எழுதியது.

வெள்ளிக்கிழமைச் சவாரி

எனக்கு மாறாத சவாரி ஒன்று இருந்தது. தாலுகா கச்சேரியில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற பிள்ளைவாளும் அவர் மனைவி சிவகாமி அம்மாளும். அம்மாளுக்கு மூச்சிழுப்பு. வெள்ளிக்கிழமைதோறும் நெய்யாற்றின்கரை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். குளிர்காற்று முகத்தில் படக்கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. அதனால் கதவுக் கண்ணாடிகள் எல்லாம் ஏறியே இருக்கும். முன் கண்ணாடியைத் திறக்கிற பேச்சே கிடையாது.

நான் போய் நிற்கும்போது பிள்ளைவாள் முகப்பில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருப்பார். ஊரில் எல்லோருக்கும் நாவிதர் வீடு தேடி வருகிற காலத்தில் இவர் மட்டும் தன் கையாலேயே மழிப்பார். உத்தியோகத்தில் வந்த பழக்கம். செம்பு நிறைய வெந்நீர் ஆவி பறக்கும்; அதற்கு நேர் மேலே கண்ணாடியை மாட்டி, தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மழிப்பார். பிறகு அம்மாளுக்குக் காது மறையச் சால்வை சுற்றி, பின்சீட்டில் இடதுபக்கம் உட்காரவைத்து, தான் வலதுபக்கம் ஏறிக்கொள்வார். முதல் வெள்ளிக்கிழமை வண்டி நகர்ந்ததும் அம்மாள் முன்னால் குனிந்து மெதுவாகச் சொன்னது இதுதான்: "தங்கப்பா, பாலம் வாறப்போ ஒரு வாக்கு சொல்லணும் மக்கா."

தேங்காய் எண்ணெய்

நம் பக்கத்தில் தலைவலிக்கும் தேங்காய் எண்ணெய், கதவு கிறீச்சிட்டாலும் தேங்காய் எண்ணெய். எண்ணெயில் தண்ணீர் ஒட்டாதே, கண்ணாடிக்கும் பூசினால் என்ன என்று ஆடி மாதத்தில் எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. முன் கண்ணாடி முழுக்க வழிய வழியப் பூசினேன். அன்று மாலை சவாரி ஏறியவர் பாலராமபுரத்து ஜவுளி வியாபாரி. கல்யாண வீட்டுக்கான சேலைக் கட்டை மடியில் வைத்திருந்தார்.

எதிரே ஒரு மாட்டுவண்டி ராந்தல் வந்தது. என் கண்ணாடியில் அது திருவிழாவாகத் தெரிந்தது. ரோடு எது, ஓடை எது என்று புரியவில்லை. முன்னால் போன இன்னொரு மாட்டுவண்டியின் பின்னாலேயே, மாட்டின் வேகத்தில், ஊர் போய்ச் சேர்ந்தேன். வியாபாரி சேலைக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது கண்ணாடியை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "எண்ணெ தேச்சாச்சு. இனி தலவாரிப் பூவும் வச்சா, எனக்கக்கிட்ட ஒரு சேலையும் எடுத்துக் கண்ணாடிக்குக் கல்யாணத்த முடிச்சிரலாம்."

பாலத்தில் ஒருத்தி

அம்மாள் ஏன் பாலத்தைக் கேட்டாள் என்பது எனக்கு இரண்டொரு வாரத்தில் புரிந்துவிட்டது. அமரவிளைப் பாலத்தில் இடதுபக்கக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு பெண் குடைபிடித்து நிற்பாள். அவர்களுடைய ஒரே மகள் சரசு. பூவார் என்ற கடற்கரை ஊரிலிருந்து வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரை, லத்தீன் கத்தோலிக்கரை, மாதா கோவிலில் மோதிரம் மாற்றிக் கட்டிக்கொண்டு அமரவிளையில் குடியிருந்தாள். பிள்ளைவாள் வீடோ திருநீறு பூசாமல் பச்சைத்தண்ணீர் குடிக்காத வீடு. அன்றிலிருந்து அங்கே அவள் பெயரை யாரும் எடுக்கக்கூடாது.

பாலத்தில் வண்டியை நிறுத்தக்கூடாது என்பது பிள்ளைவாள் எனக்கு இட்ட ஒரே கட்டளை. நான் "பாலம், அம்மா" என்றதும் அவர் வலதுபக்கம் திரும்பிக்கொள்வார். அம்மாள் முந்தானையால் இடதுபக்கக் கண்ணாடியைத் துடைத்து முகத்தை ஒட்டவைத்துப் பார்ப்பாள். கிட்டப்போய்ப் பார்க்கப் பார்க்க அவள் மூச்சே கண்ணாடியை மூடிவிடும். மறுபடி துடைப்பதற்குள் பாலம் முடிந்துவிடும். ஒருநாள் அவள் எனக்குக் கேட்கிற மாதிரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்: "பச்சச் சேல. அதுவரைக்கும் தெரிஞ்சு. மொகந்தான் தெரியல்ல."

செபக் கூட்டம்

ஆவணியில் பூவாரிலிருந்து ஒரு மீன்பிடிக் குடும்பம் ஞானஸ்நானத்துக்குப் போக என் வண்டியைப் பிடித்தது. வண்டியில் எத்தனை பேர் ஏறலாம் என்ற கணக்கெல்லாம் அவர்களிடம் செல்லாது. மடியில் ஒருவர், காலடியில் ஒருவர். மழை பிடித்துக்கொண்டதும் கண்ணாடியை ஏற்றிவிட்டு எல்லோரும் செபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு மன்றாட்டுக்கும் கண்ணாடி ஒரு படி வெளுத்தது. "மனசுக்குள்ளே சொல்லக்கூடாதா?" என்று கெஞ்சினேன். என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்திருந்த அந்தோணி என்ற வலைக்காரர், கடலில் காற்றுக்கு மேல் கேட்கச் சொல்லியே பழகிவிட்டது என்றார். என்னிடமிருந்து துணியை வாங்கி, பாவம், வழியெல்லாம் அவரே துடைத்தும் தந்தார்.

அமரவிளைப் பாலம் வந்தபோது துடைப்பதை நிறுத்தி வெளியே பார்த்தவர் என்னிடம் கேட்டார்: "வெள்ளிக்கிழம எங்க வாத்தியாருக்க பெண்டாட்டி இங்க வந்து நிப்பாளாமே. பிள்ள உண்டாயிருக்கவ மழையில நிக்கலாமா? அவளுக்க அம்மைக்கு வெவரம் தெரியுமா?"

உப்பும் புகையிலையும்

தெரியாது. அதுதான் என்னைத் தின்றது. நானே சொல்லிவிடலாம். ஆனால் பிள்ளைவாள் பக்கத்தில் இருக்கும்போது அந்தப் பெயரை எடுத்தால் அடுத்த வெள்ளிக்கிழமை வேறு வண்டி வரும். பாலம் வருகிறது என்று சொல்ல ஆள் இருக்காது. மேலும், அது பெற்றவள் தன் கண்ணால் பார்த்து அறிய வேண்டிய செய்தி, வண்டிக்காரன் வாயால் கேட்கிற செய்தியல்ல. எனவே முன் கண்ணாடியை விட்டுவிட்டு இடதுபக்கக் கண்ணாடிக்கு வைத்தியம் ஆரம்பித்தேன்.

ஈரத்தை உப்பு இழுக்கும் என்று ஒரு துணிப்பையில் கல்லுப்பைக் கட்டித் தொங்கவிட்டேன். நம்ம ஊர் மழையில் உப்பே அழுதுவிட்டது. பிறகு யாரோ சொன்னார்கள் என்று புகையிலையை நனைத்துக் கண்ணாடியில் தேய்த்தேன். அந்த நெடி ஏறி, பாலம் வருமுன்பே அம்மாளுக்கு இழுப்பு தொடங்கிவிட்டது. பிள்ளைவாள் அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். முதுகைத் தடவிக்கொண்டே, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். கல்மனசுக்காரர் என்று நான் நினைத்து வைத்திருந்தது அன்றோடு போயிற்று. மூச்சு அடங்கிய பிறகு என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்: "இவளுக்கு மூச்சு நிண்ணு போச்சுண்ணா, பொறவு கண்ணாடி தெளிஞ்சு யாரு பாக்கியதுக்கு?"

பாலம் காலியாக இருந்த நாள்

கார்த்திகைக் கடைசி வெள்ளி. மழை விட்டுக் குளிர் பிடித்திருந்தது. "பாலம், அம்மா" என்றேன். அம்மாள் துடைத்தாள், பார்த்தாள், மறுபடி துடைத்தாள். "எங்க மக்கா?" என்றாள். கைப்பிடிச் சுவர் நெடுகிலும் யாரும் இல்லை. "காணல்லம்மா" என்றேன். அவள் முந்தானையை மடியில் போட்டுக்கொண்டாள். எனக்கு என்னென்னவோ நினைப்பு ஓடியது.

டாக்டர் வீட்டு வாசலில் அம்மாளை இறக்கி உள்ளே அனுப்பிவிட்டுப் பிள்ளைவாள் திரும்பி வந்தார். வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தனை வெள்ளிக்கிழமையும் வலதுபக்கத்து ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்த மனிதர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "இண்ணைக்கு அவ ஏன் வரல்ல?"

சவரச் சோப்பு

அடுத்த வெள்ளி மார்கழி பிறந்திருந்தது. பனி விலகாத காலை. நான் போய் நின்றபோது பிள்ளைவாள் சவரத்தை முடித்துவிட்டு, கையில் சோப்புக் கட்டியோடு வண்டியை நோக்கி வந்தார். இடதுபக்கக் கதவைத் திறந்தார். கட்டியின் உலர்ந்த பக்கத்தைக் கண்ணாடியின் உட்புறத்தில் மேலும் கீழும் கோடாக இழுத்தார். பிறகு தோளில் கிடந்த நேரியல் துண்டால், வெள்ளை தெரியாமல் போகும்வரை துடைத்து மினுக்கினார்.

அப்போதுதான் எனக்கு அந்தச் சவரக் கண்ணாடி ஞாபகம் வந்தது. வெந்நீர் ஆவி அத்தனை நேரம் அடித்தும் அது ஒருநாளும் வெளுத்ததில்லை. ஆடியிலிருந்து எண்ணெயும் உப்பும் புகையிலையுமாக நான் பட்ட பாட்டை இவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? கேட்டே விட்டேன். அவர் சோப்பைத் துணியில் சுற்றி மடியில் செருகிக்கொண்டு சொன்னார்: "எனக்கு அப்பமே தெரியும் தங்கப்பா. கண்ணாடி தெளிஞ்சா இவளுக்கு மட்டுமா தெரியும்? எனக்கும் தெரியும், இல்லியா?"

மார்கழிப் பாலம்

"பாலம், அம்மா" என்று நான் சொல்லவே இல்லை. அவளுக்குத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. சரசு நின்றிருந்தாள். ஒரு கை கைப்பிடிச் சுவரில், ஒரு கை வயிற்றில். சேலைக்கு அடங்காத வயிறு. அம்மாள் கண்ணாடியில் நெற்றி முட்டப் பார்த்தாள், மூச்சு வாங்கியது, ஆனாலும் கண்ணாடி மூடவில்லை.

"பாத்தியளா," என்றாள், "நம்ம பிள்ளைக்க வயித்தப் பாத்தியளா?" நான் கட்டளைப்படி நிறுத்தாமல்தான் போனேன்; ஆனால் என் கால் தானாகவே வண்டியை நடைவேகத்துக்குக் கொண்டுவந்திருந்தது. திரும்பிப் பார்த்தேன். பிள்ளைவாள் அம்மாளின் தோளுக்கு மேலாகக் குனிந்து, அதே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. அம்மாள் அவசரமாகக் கண்ணாடியை இறக்கும் பிடியைத் தேடினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கண்ணாடிய எறக்காண்டாம், ஒனக்குத் தணுத்த காத்து அடிக்கும். வண்டிய நிறுத்து தங்கப்பா. கதவத் திறந்து அவள உள்ள ஏத்து."

திரும்பவும் வெளுத்தது

சரசு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். போன வாரம் காலில் நீர் கோத்து நடக்க முடியவில்லை என்றாள். அம்மாள் அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா, மகள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அழுதார்கள். கொஞ்ச நேரத்தில் சோப்புப் போடாத முன் கண்ணாடி முழுக்க வெளுத்து, பாலத்தின் முடிவே எனக்குத் தெரியாமல் போயிற்று. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பழந்துணியைத் தேடினேன். பின்னாலிருந்து பிள்ளைவாள் குரல் வந்தது: "கெடக்கட்டு, பைய தொடச்சா போதும். டாக்டர் எங்கயும் ஓடிப்போவ மாட்டாரு."

இத்தனை காலம் ஓட்டியதில் என் கையில் மிஞ்சிய தொழில் ரகசியம் இவ்வளவுதான்: உலர்ந்த சோப்பைத் தேய்த்து மினுக்கிவிட்டால் எந்தக் குளிருக்கும் கண்ணாடி மூடாது, ஆனால் பின்சீட்டில் சமாதானம் ஆகிறவர்கள் ஏறினால் எல்லாக் கண்ணாடிக்கும் சேர்த்துத் தேய்த்துக்கொள்ளுங்கள்.