செல்லத்துரை அண்ணையின் பெருவிரல்

புண்ணுக்கு மருந்து கட்டுகிற நேர்ஸ் வேலையில் மூக்குப் பழகிவிடும், நெஞ்சுதான் பழகாது. வீட்டில் ஒரு சீனி வருத்தக்காரரை, அதுதான் நீரிழிவுக்காரரை, வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

தேன் வைத்த விரல்

சரவணை ஊர்த் தோட்டக்காரர் செல்லத்துரை அண்ணைக்குச் சீனி வருத்தம்; உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே புண். மாதக்கணக்காய் ஆறவில்லை. இனியும் ஆறாவிட்டால் விரலை எடுக்கத்தான் வேண்டும் என்று யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நான் விடுவேனா? உப்புத் தண்ணீரில் கழுவிக் கட்டினேன், மருந்துத் தேன் வைத்தேன், வெள்ளி கலந்த துணி வைத்தேன். எதை வைத்தாலும் புண் கொஞ்சம் சுருங்கும், எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம்! அடுத்த கிழமை பழைய குருடி கதவைத் திறடி. அண்ணைதான் என்னைத் தேற்றினார்: "மிஸி, அந்தத் தேனை என்னட்டைத் தாங்கோ, பாணிலை பூசித் தின்னுறன். விரலுக்கு அது பிடிக்கேல்லைப் போலை."

புத்தம்புதுச் சப்பாத்து

பிறகு டொக்டர், புண் அழுந்தாதபடி உள்ளே குழி விட்ட சப்பாத்து ஒன்று கொடுத்தார். மருந்தைவிட இதுதான் முக்கியம், ஒரு அடி வைத்தாலும் போட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னோம். "ஓம், ஓம்" என்று போனவர், புண் பெருத்து வந்தார். சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தால் அடி தேயவே இல்லை! கத்தியே விட்டேன். அவருடைய மனைவி பூமணி அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்: "விளக்கேத்திற வீட்டுக்குள்ளை சப்பாத்தோடை வரலாமோ, பிள்ளை? பஸ்ஸிலை போகேக்கை போடுறவர்தானே!"

வீட்டுக்கு ஒன்று

அட, இதுவா சங்கதி! டொக்டரிடம் ஓடிப்போய், றோட்டையே காணாத இன்னொரு சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன். பூமணி அக்கா மஞ்சள் தண்ணீர் தெளித்து உள்ளே எடுத்தார். புண் சுருங்கச் சுருங்க நான் துள்ளாத குறை. அந்த நேரம் பார்த்து நயினாதீவு அம்மன் கோயில் தேர்த் திருவிழா வந்தது. வெறுங்காலோடு கோயிலைச் சுற்றி நடப்பது அண்ணையின் நேர்த்திக்கடன். கொதிக்கிற மணல், சீனியால் மரத்துப்போய்ச் சூடு தெரியாத கால்! கும்பிடாத குறையாய்த் தடுத்தேன். "அம்மாளிட்டைச் சப்பாத்தோடை போகச் சொல்லுறீங்களோ, மிஸி? விரல் போனால் போகட்டும்."

சுற்றுகிற விதம்

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுகையோடு அழுகையாய், "அண்ணை, நடந்துதான் சுத்த வேணுமோ? பிரதட்டை பண்ணுங்கோவன்!" என்றேன். பிரதட்டை என்றால் கோயிலைச் சுற்றி உருண்டு போவது; பாதம் நிலத்தில் ஊன்றாதே! புண்ணை இறுக மூடி, பொலித்தீனும் சுற்றி அனுப்பினேன். வாசல்வரை சப்பாத்து, பிறகு உருளல். திரும்பி வந்தவரின் கால் கட்டுத்துணியை அவிழ்த்தேன். மிச்சமிருந்த புண்ணும் வாய் மூடி, இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல்! ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கக் கூவினேன். விரல் தப்பிவிட்டது! அண்ணை முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார்: "கால் சுகம், மிஸி. முதுகுக்குப் பூச அந்தத் தேன் கிடக்கோ?"

ஆறாத புண்ணுக்கு எந்த மருந்து நல்லதென்று யார் கேட்டாலும், நான் முதலில் கேட்டவர் வாசலில் கழற்றிவிட்ட சப்பாத்தைத்தான் எட்டிப் பார்க்கிறேன்.