வாங்கில் கழிந்த முக்கால் மணித்தியாலம்

கொட்டாஞ்சேனையில் பன்னிரண்டு கட்டில்கள் கொண்ட ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் நான் தாதியாக இருந்தேன். போர்க்காலம். ஒருநாள் காலை கோட்டைப் பக்கம் குண்டு வெடித்ததாகச் செய்தி வந்தது. பத்து மணிக்குள் பாதைகளை மூடிவிட்டார்கள்.

பத்து பத்துக்கு செல்வராஜ் வந்தார். ஜிந்துப்பிட்டிக்காரர், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். மனைவி கூட வந்திருந்தார்.

“நெஞ்சு கரிக்குது மிஸ்ஸி. கேஸ்தான். ஒரு மருந்து குடுத்தீங்கன்னா போயிருவேன்.”

நடந்து வந்தவர், தெளிவாகப் பேசுகிறவர். வரிசையில் பதினான்காம் நம்பரைக் கொடுத்து, சுவரோரத்து மர வாங்கில் உட்கார்ந்திருக்கச் சொல்லிவிட்டு வோர்ட்டுக்குப் போனேன்.

முக்கால் மணித்தியாலம் கழித்து மனைவி என்னைத் தேடி வந்தார். “மிஸ்ஸி, சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. கூப்பிட்டா பேச மாட்டேங்கிறாரு.”

அவரைப் படுக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்து, தாளோடு டொக்டரிடம் ஓடினேன். கடும் மாரடைப்பு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார் டொக்டர். அம்புலன்ஸ் சாரதி சந்தி வரை போய்த் திரும்பி வந்தார்.

“ஆமி மறிச்சிருக்கு டொக்டர். அம்புலன்ஸையும் விடுறாங்க இல்ல.”

“எவ்வளவு நேரமாம்?”

“சொல்றாங்க இல்ல.”

இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஒரு போத்தல் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. அதை அங்கே ஒருவருக்கும் ஏற்றியதில்லை. மொனிட்டர் இல்லை, இதயம் நின்றால் ஷொக் கொடுக்க மெஷினும் இல்லை. டொக்டர் பெரிய ஆஸ்பத்திரி இதய நிபுணருடன் டெலிபோனில் கதைத்துவிட்டு வந்து, வயிற்றுப்புண், பாரிசவாதம், ஒப்பரேஷன் ஏதும் உண்டா என்று மனைவியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார் அவர்.

“இந்த மருந்தில இரத்தம் கசியிற ஆபத்து இருக்கு அம்மா. குடுக்காட்டி அதை விட ஆபத்து.”

“குடுங்க ஐயா.”

டொக்டர் என் பக்கம் திரும்பினார். “ஜெயந்தி, நீர் இந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா பிரஷர் பாரும்.”

மருந்து ஏறத் தொடங்கி இருபதாவது நிமிடம் பிரஷர் எழுபதுக்கு விழுந்தது. மருந்தை நிறுத்தினோம். கால்மாட்டை உயர்த்திச் சேலைனை ஓடவிட்டோம். “ஏன் நிப்பாட்டுனீங்க?” என்று மனைவி கேட்டார். நான் மறுபடி பிரஷர் பார்த்தேன். எண்பது. எண்பத்தைந்து. தொண்ணூறைத் தாண்டியதும் டொக்டர் மெதுவாக மறுபடி ஏற்றச் சொன்னார். மருந்து முடிகிற நேரம் செல்வராஜ் கண் திறந்து, “இப்ப லேசா இருக்கு” என்றார்.

இரண்டு மணிக்குப் பாதை திறந்தது. டொக்டர் சொல்லச் சொல்ல நான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன். நோயாளி வந்த நேரத்தை எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. ஈ.சி.ஜி. எடுத்த நேரத்தையே போட்டால் யாருக்கும் தெரியாது.

“வந்த நேரம் என்னெண்டு போட, டொக்டர்?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “வந்த நேரத்தைப் போடும்.”

போட்டேன்.

செல்வராஜ் பிழைத்தார். ஆனால் இதயம் பலவீனப்பட்டுவிட்டது. மூட்டை தூக்க அவர் பிறகு போகவில்லை. அதில் அந்த முக்கால் மணித்தியாலத்தின் பங்கு எவ்வளவு என்று எந்த டொக்டராலும் சொல்ல முடியாது. மறுநாளிலிருந்து தொண்டைக்கும் தொப்புளுக்கும் இடையில் நோவு என்று யார் வந்தாலும் முதலில் ஈ.சி.ஜி., பிறகுதான் நம்பர் என்று மாற்றினோம்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் மெஷின் இல்லை, மருந்து இல்லை என்று குறைப்படும்போது நான் மறுத்துப் பேசுவதில்லை. உண்மைதான். ஆனால் அன்று எங்களிடம் இருந்த ஒரே ஈ.சி.ஜி. மெஷின், அவர் காத்திருந்த வாங்கிலிருந்து பத்தடி தூரத்தில் சும்மா இருந்தது.