குசினியில் ஒரு ஜன்னல்

கற்பிட்டியில் நாங்கள் வீடு கட்டியபோது, பிறகு மேல்மாடி எழுப்பலாம் என்று கூரைத் தட்டில் கம்பிகளை நீட்டி விட்டிருந்தோம். அதற்காகவே என் கணவர் கட்டாருக்குப் போனார். ஃபோன் எடுத்தால் எங்களுக்கு மேல்மாடிதான் கதை. பிள்ளைகளுக்கு எத்தனை அறை, பல்கனிக்கு என்ன டைல்ஸ் என்று பேசியே எங்கள் இளமை கழிந்தது.

போன நோன்புக்கு முன் அவர் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். வேலை தொடங்க மேசன் பாஸும் வந்தார். நானும் தேத்தண்ணியோடு மேலே ஏறினேன். அளந்துகொண்டிருந்த மேசனை என் கணவர் திடீரென்று நிறுத்தினார்.

“புள்ளைகள் ரெண்டும் கொழும்புல. முழங்கால் நோவோட நாங்களா இந்தப் படியில ஏறி எறங்கப் போற?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “ஒனக்கு என்ன வேணும், சொல்லு.”

அதுவரை என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “குசினியில களப்புப் பக்கமா ஒரு பெரிய ஜன்னல்” என்றேன்.

மேசன் சிரித்தார். “அவ்வளவுதானா ராத்தா?”

“ஓம், அவ்வளவுதான்.”

சுவரை உடைத்து ஜன்னல் வைத்தார்கள். இருட்டாய்க் கிடந்த குசினிக்குள் இப்போது வெளிச்சமும் காற்றும் வருகின்றன. காலையில் என் கணவர் அங்கே கதிரையைப் போட்டு வெங்காயம் உரிக்கிறார். களப்பில் மீன் பிடித்துக் கரைக்கு வரும் வள்ளங்களைப் பார்த்தபடி, இன்றைக்கு என்ன மீன் ஆக்கலாம் என்று கதைக்கிறோம்.

நேற்று மகள் ஃபோனில் மேல்மாடியைப் பற்றிக் கேட்டாள்.

“அதுக்கு அவசரமில்ல மகள். நீ வந்தா குசினியிலயே பாயப் போட்டுப் படு, நல்ல காத்து” என்றார் அவர்.