அண்ணனின் பாட்டுப் பெட்டிகள்

எங்கள் அண்ணன் முட்டத்தில், அலைச்சத்தம் அடுக்களை வரைக்கும் வரும் வீட்டில் பிறந்தார். அப்பாவைக் கடல் கொண்டுபோனபோது படிப்பை விட்டார். மஸ்கட்டில் மின்வேலை பார்த்துத் தம்பியைப் படிக்க வைத்தார், என்னைக் கட்டிக் கொடுத்தார். தனக்கென்று ஆசைப்பட்டது நல்ல சத்தத்தில் பாட்டுக் கேட்பது ஒன்றுதான். ஊர் திரும்பியபின் அதையும் தானே படித்து, தானே செய்தார்.

இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கும் உறவினர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண ஸ்பீக்கர் பெட்டிக்குள் காயில், கண்டென்சர் என்ற சாமான்கள் இருந்து, கனத்த சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கருக்கும் கூர்த்த சத்தத்தைச் சின்ன ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பும். அண்ணன் அவற்றைக் கழற்றிவிட்டு, வெளியே ஒரு டிஜிட்டல் கிராஸ்ஓவர் வைத்தார். அது ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாலேயே பாட்டைப் பிரித்துவிடும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி ஆம்ப்ளிஃபயர். மைக் வைத்துச் சத்தத்தை அளந்து, லேப்டாப்பில் அதன் கோடு பார்த்து, மாதக்கணக்கில் சரிசெய்தார். எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால், "சோறும் குழம்பும் தனித்தனிச் சட்டியில வேகட்டும் பிள்ளே. இலையில வந்து சேந்தா போரும்" என்பார். "கல்ஃப் காசு வயருலயாக்கும் போவுது" என்று சித்தப்பா சிரித்தார்.

அண்ணன் அதில் அதிகம் போட்டது பாட்டுகூட அல்ல. மஸ்கட்டிலிருந்து அண்ணிக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்டுகளைத்தான். "கேட்டியா, எனக்க சத்தத்துக்கு அப்ப என்ன பவுறு" என்று சீண்டுவார். "மதி மதி, கொறச்சு வையுங்க, அடுத்த வீட்டுல கேக்கும்" என்பார் அண்ணி.

அண்ணன் நோயில் கிடந்த மாதங்களில் எட்டிப் பார்க்காதவர்கள் அடக்கத்துக்கு வேன் பிடித்து வந்தார்கள். இருக்கும்போது இரும்பு, போனபின் கரும்பு. ஏழாம் நாள் பூசை முடிந்து சாப்பிட்ட கை காயுமுன் சித்தப்பா சொன்னார்: "மூத்தவனுக்க ஓர்மைக்கு ஆளுக்கொண்ணு எடுங்க மக்கா."

இடப்பக்கப் பெட்டி சித்தப்பாவுக்கு, வலப்பக்கப் பெட்டி தம்பிக்கு. ஆம்ப்ளிஃபயர்கள் ஆளுக்குப் பாதி. கரையில் மீனைக் கூறு வைப்பதுபோல வைத்தார்கள். கூறு வைத்த மீன் நீந்துமா?

"பிரிச்சா ஒண்ணும் பாடாது சித்தப்பா" என்றேன்.

"ஏட்டி, நீ சும்மா கெட. பொம்பளைக்கு வயரப் பத்தி என்ன தெரியும்?"

கிராஸ்ஓவரை மட்டும் யாரும் தொடவில்லை. இன்டர்நெட் பெட்டி என்று நினைத்தார்கள்.

கிறிஸ்மசுக்குச் சித்தப்பா வீட்டில், பெட்டியிலிருந்து வந்த வயர்களில் கைக்குக் கிடைத்ததை ஆம்ப்ளிஃபயரில் நேரே சொருகினார்கள். தடுக்க உள்ளே எதுவும் இல்லாததால் கனத்த சத்தமெல்லாம் சின்ன ஸ்பீக்கரில் ஏறி, முதல் பாட்டிலேயே அது கருகியது. "செத்தவன் டூப்ளிகேட் சாமானம்லா வாங்கி வச்சிருக்கான்" என்று சித்தப்பா இன்றைக்கும் சொல்லி நடக்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் அண்ணன் தன் வாழ்நாளில் போலி எதையும் கையால் தொட்டதில்லை. இதை அச்சில் போட வேண்டுமென்றே எழுதுகிறேன்.

கேசட்டுகளைப் போனில் ஏற்றி அண்ணிக்குக் கொடுத்தேன். ஒருமுறை கேட்டுவிட்டுக் கவிழ்த்து வைத்தார். "கொசு கத்துறது மாதிரில்லா இருக்கு. அவியளுக்க நெஞ்சு இதுல இல்லியே."

அண்ணனைப் புரட்டிக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டாருக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டியவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஓர்மைக்கு எடுத்துப் போனவர்களுக்கும் நன்றி. அவற்றை உப்புக்காற்று படாமல் உள்ளறையில் வைத்திருப்பீர்கள். இனி அண்ணன் வீட்டுக்கு வரும்போது பழமும் பூவும் வேண்டாம். பெட்டிகளையும் ஆம்ப்ளிஃபயர்களையும் கொண்டுவாருங்கள். கருகியதை நான் மாற்றிக்கொள்கிறேன். அண்ணன் வைத்த அளவுகள் கிராஸ்ஓவரில் அப்படியே இருக்கின்றன. அண்ணி அதைத் துடைத்து, பக்கத்தில் ஒரு கேசட்டையும் எடுத்து வைத்திருக்கிறார்.

– தங்கை